மூதாதையும் முதுசமும்: மைல்ஸ் ஸ்டாண்டிஷின் பூர்விகம் பற்றிய ஓர் ஆய்வு

1

வட அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்தில் 1656ஆம் ஆண்டு காலமான கப்டன் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் விட்டுச் சென்ற மரணசாசனத்தில் விநோதமானதொரு பகுதி உண்டு. தமது வீட்டையும் பண்ணையையும் கால்நடைகளையும் குடும்பத்தினருக்குப் பங்கிட்ட பின்னர், வாரிசான மகன் அலெக்சாண்டருக்கு மேலும் சில காணிகளை அவர் எழுதிவைக்கிறார். அக்காணிகள் அமெரிக்காவில் இருந்தவையல்ல. இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் ஒர்ம்ஸ்கேர்க், பேர்ஸ்கோ, ரைற்றிங்டன், மோட்ஸ்லி, நியூபேர்க், குரொஸ்டன் ஆகிய ஆறு ஊர்களிலும், ஐரிஷ் கடலிலுள்ள மேன் தீவிலும் இருந்தவை. அவை சட்டப்படி தமக்குரிய முதுசம் என்றும், ஆயினும் தம்மிடமிருந்து களவாகத் தடுத்துவைக்கப்பட்டவை என்றும் சாசனம் கூறுகின்றது. தமது பாட்டனின் தந்தை ஸ்டாண்டிஷ் ஊர் ஸ்டாண்டிஷ் குடும்பத்தில் இரண்டாவது அல்லது இளைய சகோதரராக இருந்தவர் என்பதே அவ்வுரிமைக்கு அவர் காட்டும் ஆதாரமாகும்.

தம் வசமில்லாத காணியை மகனுக்கு எழுதிவைத்த இம்மனிதர் எங்கே பிறந்தார்? யாருடைய மகன்? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இவ்வினா ஆய்வாளரையும் வழித்தோன்றல்களையும் ஈர்த்து வந்துள்ளது. இன்றுவரை ஐயத்திற்கிடமற்ற விடை கிடைக்கவில்லை. அவ்விடையைக் கண்டுவிட்டோம் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வினா எத்தகைய சான்றுகளின் மீது நிற்கின்றது, எந்தச் சமூக நிலைமைகளில் அது கூர்மை பெற்றது, அதனை எழுப்பியோர் உண்மையில் எதனைத் தேடினர் என்பனவற்றை விளக்குவதே நமது நோக்கமாகும்.

இவ்விடயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1816இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் நிறுவிய அமெரிக்க மிஷனரிமார் இதே மசாசூசெற்ஸ் மண்ணின் தூய்மைவாதத் திருச்சபை மரபின் வழிவந்தோரே. அம்மரபின் தொடக்ககாலக் குடியேறிகளைப் பற்றி எழுந்த கதைகள் எவ்வாறு உருவாயின என அறிவது நமக்கும் பயனுடையதாகும்.

2

முதலில் ஒரு தெளிவு வேண்டும். 1620ஆம் ஆண்டு மேபிளவர் என்னும் கப்பலிற் சென்ற 102 பயணிகளும் ஒரே தன்மையினரல்லர். ஒரு பகுதியினர் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து முற்றாகப் பிரிந்து, ஹொலந்தின் லெய்டன் நகரில் வாழ்ந்த தீவிரத் தூய்மைவாதிகள். ஏனையோர் இலண்டன் வணிகர் திரட்டிய குடியேறிகள், கூலிக்கு அமர்த்தப்பட்டோர், பணியாட்கள் ஆகியோர். ஸ்டாண்டிஷ் நெதர்லாந்துப் போர்களில் ஈடுபட்டிருந்த ஆங்கிலப் படைவீரர். குடியேற்றத்தின் படைத்தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். பிளிமத் திருச்சபையின் உறுப்பினராக அவர் இருந்தமைக்குச் சான்றில்லை. பிற்காலத்தவர் அவரைத் தூய்மைவாத மூதாதையாகக் கொண்டாடியபோதிலும், அவரைக் கடல் கடக்கச் செய்தது தொழிலே எனலாம்.

இத்தகையோரின் பூர்விகத்தை அறிவது ஏன் கடினமாயுள்ளது? குடியேற்றத்தின் ஆளுநராகப் பலமுறை கடமையாற்றிய வில்லியம் பிராட்போர்ட் பயணிகளின் பெயர்ப்பட்டியலொன்றை விட்டுச்சென்றுள்ளார். ஆனால் அது குடும்பங்களையும் அவற்றின் பெருக்கத்தையுமே கூறுவது. ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்பதைக் கூறுவதன்று. ஆகவே ஆய்வாளர் இங்கிலாந்தின் கோவிற்பற்றுப் பதிவேடுகளை நாட வேண்டியவராகின்றனர். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு கோவிற்பற்றும் பதிய வேண்டுமென்ற ஆணை 1538இலேயே பிறந்தது. ஆனால் தொடக்ககால ஏடுகள் பலவும் அழிந்துபோயின. எஞ்சியவற்றிலும் இடைவெளிகள் மலிந்துள்ளன.

இங்கு பொதுவானதோர் ஆய்வுப் பிழையைச் சுட்டுதல் தகும். தேடும் பெயர் ஒரு பதிவேட்டிற் காணப்பட்டதும் அவரே இவர் என முடிவு செய்வது அப்பிழையாகும். பெயர் ஒற்றுமை ஆளின் ஒற்றுமையாகாது. ஓர் ஊரிற் பிறந்த குழந்தை அமெரிக்காவிற் கால்வைத்த மனிதர்தாம் என்று நிறுவ, அக்குழந்தை அவ்வூரிலேயே இறக்கவில்லை, அங்கேயே மணம்புரிந்து வாழ்ந்திருக்கவில்லை என்பதையாவது முதலிற் காட்டுதல் வேண்டும். அதற்குமேல், இரு கரைகளையும் இணைக்கும் உறவினர், காணி, கடிதம் போன்ற ஏதேனுமொரு கண்ணியும் வேண்டும்.

ஸ்டாண்டிஷைப் பொறுத்தவரை அத்தகைய கண்ணியாக எஞ்சியிருப்பது மேற்கூறிய மரணசாசனமே. 1669இல் வெளிவந்த நதானியல் மோர்ட்டனின் வரலாற்று நூல், அவர் லங்காஷயரில் பிறந்த கனவான் எனவும் பெருஞ்சொத்தின் வாரிசு எனவும் கூறுகின்றது. எனினும் சொத்துப் பற்றிய அந்நூலின் கூற்று மரணசாசனத்தை அடியொற்றியதாகவே காணப்படுகின்றது. ஒரே கூற்று இரு நூல்களில் வருவதால் அது இரு சான்றாகிவிடாது.

3

1846ஆம் ஆண்டு ஸ்டாண்டிஷின் வழித்தோன்றல்கள் சிலர் ஒரு சங்கமாகக் கூடி நிதி திரட்டி, பிரொம்லி என்பவரை இங்கிலாந்துக்கு அனுப்பினர். அவர்களின் ஆவல் வரலாற்று ஆவல் மட்டுமன்று. இழந்த முதுசத்தை மீட்கலாம் என்ற எதிர்பார்ப்பும் அதிற் கலந்திருந்தது. லங்காஷயரின் சோர்லி நகருக்கு அருகிலே டக்ஸ்பெரி மாளிகை ஸ்டாண்டிஷ் குடும்பத்தின் ஒரு கிளைக்கு உரியதாயிருந்தது. அமெரிக்காவில் ஸ்டாண்டிஷ் வாழ்ந்த ஊரும் டக்ஸ்பெரி என்றே பெயர் பெற்றிருந்தது. இப்பெயர் ஒற்றுமையே தேடலைச் சோர்லிக்கு இட்டுச் சென்றது.

சோர்லிப் பதிவேட்டில் மைல்ஸின் பெயர் காணப்படவில்லை. ஆனால் 1584, 1585 ஆகிய ஆண்டுகளுக்குரிய பக்கம் வாசிக்க முடியாதவாறு தேய்ந்திருந்தது. உரிமையை மறைக்கும்பொருட்டு யாரோ வேண்டுமென்றே அதனைத் தேய்த்து அழித்துவிட்டனர் என்ற முடிவுக்குத் தேடியோர் வந்தனர். 1849இல் வெளியான டக்ஸ்பெரி நகர வரலாறு இக்கதையைப் பரப்பியது.

இவ்வாதத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இல்லாத பெயர் அழிக்கப்பட்ட பெயராக மாறுகின்றது. சான்றின்மையே சான்றாகின்றது. பழைய தோலேடொன்று தேய்வதற்குச் சதி தேவையில்லை. ஈரமும் காலமும் பல கைகள் புரட்டுவதும் போதும். ஆயினும் ஸ்டாண்டிஷ் 1584 அளவிற் பிறந்தார் என நூல்கள் இன்றும் கூறுகின்றன. அதனை நிறுவும் ஞானஸ்நானப் பதிவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

1914ஆம் ஆண்டு இத்தேடல் புதிய திசையிற் சென்றது. லங்காஷயரிற் குருவாயிருந்த ரி. சி. போர்ட்டியஸ் பதிவேட்டை விடுத்து மரணசாசனத்தில் வரும் ஊர்ப்பெயர்களைத் தொடங்குமிடமாகக் கொண்டார். பெரிய குடும்பம் எதுவென்று அவர் வினவவில்லை. இவ்வூர்களிலெல்லாம் ஒருங்கே காணி வைத்திருந்தவர் யார் என்று வினவினார். பழைய காணி உறுதிகளை ஒப்பிட்டபோது, அவ்வூர்களில் ஒருங்கே காணி கொண்டிருந்தது ஒர்ம்ஸ்கேர்க்கைச் சேர்ந்த சிறியதொரு ஸ்டாண்டிஷ் கிளை என்பது தெரியவந்தது. அக்கிளையினரின் தொடர்பு மேன் தீவு வரையிற் செல்வதையும் அவர் காட்டினார். இத்தொடர்பு தற்செயலானதன்று. ஒர்ம்ஸ்கேர்க்கிற்கு அண்மையிலுள்ள லேதம் மாளிகையில் வாழ்ந்த ஸ்டான்லிப் பிரபுக்களே மேன் தீவின் அதிபதிகளாகவும் இருந்தனர். அவர்களது சேவையிலும் நிழலிலும் சிறு நிலவுடைமையாளர் கடல்கடந்து குடியேறுதல் அக்கால நிலமானிய உறவுகளின் இயல்பான விளைவாகும்.

இதனடிப்படையில் ஸ்டாண்டிஷ் மேன் தீவிலேயே பிறந்தவர் என்று ஜி. வி. சி. யங் 1984இல் வாதிட்டார். லங்காஷயரே பிறப்பிடம் எனக் கொள்வோர் அதனை ஏற்கவில்லை. காணி எங்கிருந்தது என்பது ஓரளவு துலக்கமாயுள்ளது. தாய் தந்தையர் யாவர் என்பது துலங்கவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் என்பதை மறப்பதனாலேயே குழப்பம் விளைகின்றது.

4

ஆய்வு தயங்கிய இடத்தில் இலக்கியம் தயங்கவில்லை. ஹென்றி வோட்ஸ்வேர்த் லோங்பெலோ 1858இல் வெளியிட்ட 'மைல்ஸ் ஸ்டாண்டிஷின் காதல்முயற்சி' என்ற நெடுங்கவிதை ஸ்டாண்டிஷை ஒரு நாட்டின் வீட்டுப் பெயராக்கியது. அதில் ஸ்டாண்டிஷின் பொருட்டுத் தூது செல்லும் ஜோன் ஓல்டன், பிரிசில்லா என்னும் பெண்ணிடம் கப்டனின் குலப்பெருமையை விரித்துரைக்கிறார். டக்ஸ்பெரி மாளிகைப் பிரபுக்களின் பெயர்கள் தலைமுறை வரிசையில் ஐயத்தின் சாயலின்றிக் கூறப்படுகின்றன. ஆவணங்கள் திறந்துவைத்திருந்த வினாவைக் கவிதை இவ்வாறு மூடிவிட்டது. லோங்பெலோ தாமே ஓல்டனின் வழித்தோன்றல் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இக்கவிதை ஏன் அந்த ஆண்டுகளிலே தோன்றியது என்பதை இலக்கிய மாணவர் சிந்தித்தல் வேண்டும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் ஐரிஷ் ஏழை மக்கள் பெருந்தொகையாகப் பொஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கினர். நெசவாலைகளும் புகையிரதப் பாதைகளும் மசாசூசெற்ஸின் சமூக அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தன. அதே 1845இல் பொஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் நிறுவப்பட்டது. 1854இல் குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்த்த கட்சியொன்று அம்மாநிலத் தேர்தலைப் பெரும்பான்மையுடன் கைப்பற்றியது. 1890இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கமும், 1897இல் மேபிளவர் வழித்தோன்றல்களின் பொதுச் சங்கமும் உருவாயின.

இந்நிகழ்ச்சிகளுக்கிடையே எளிமையானதொரு காரண காரியத் தொடர்பைக் கற்பித்தல் தவறாகும். வம்சாவளி ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் வர்க்க நலனை எண்ணியே அதனைச் செய்தாரென நாம் கூறவில்லை. போர்ட்டியஸ் போன்றோரின் உழைப்பு அத்தகைய கூற்றைப் பொய்ப்பிக்கும். ஆயினும், வணிகத்தாலும் ஆலைகளாலும் செல்வம் பெற்ற வகுப்பார், உழைக்க வந்த புதியோரிடமிருந்து தம்மை வேறுபடுத்துவதற்கு மூதாதையரை நாடினர் என்பது தெளிவு. பணத்தால் மட்டும் பெறமுடியாத மதிப்பைப் பழமை அளித்தது. நிலமானியத்தை விட்டு வந்ததாகப் பெருமை கொண்ட சமூகம், நிலமானியப் பிரபுவின் குலச்சின்னத்தைத் தேடி அதே கடலைத் திரும்பக் கடந்தது. இதில் மற்றொரு முரணும் உண்டு. அவர்கள் உறவு கோர விரும்பிய ஸ்டாண்டிஷ் ஊர்ப் பிரபுக் குடும்பம் நெடுங்காலம் கத்தோலிக்கத்திற் பற்றுக்கொண்டிருந்த குடும்பமாகும். பொஸ்டன் வீதிகளில் வெறுக்கப்பட்ட அதே சமயம், மாளிகையில் இருந்தபோது தடையாகத் தோன்றவில்லை.

தேவை இருக்குமிடத்தில் சந்தை உருவாகும். குஸ்தாவ் அஞ்சூ என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வக் குடும்பங்களுக்கு வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். மெய்யான ஆவணங்களை நிரைபடக் காட்டி, தேவையான இடத்தில் மட்டும் பொய்யான கண்ணியொன்றைச் செருகுவது அவர் கையாண்ட முறையாகும். அவருடைய புனைவுகளைக் களைவதில் பிற்கால ஆய்வாளர் பெருமுயற்சி எடுக்க வேண்டியதாயிற்று. மூதாதையும் ஒரு பண்டமாக மாறியமைக்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

5

அவ்வாறாயின், இத்தகைய தேடல்கள் யாவும் வீண் எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. அதற்கு மேபிளவர் பயணிகளுள் மற்றொருவரான ஸ்டீபன் ஹொப்கின்ஸின் வரலாறு சான்றாகும். அவரும் லெய்டன் தூய்மைவாதக் குழுவைச் சேர்ந்தவரல்லர். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவர் குளோஸ்டர்ஷயரின் வூட்டன்-அண்டர்-எட்ஜ் பகுதியைச் சேர்ந்தவர் என்றே கூறப்பட்டு வந்தது. அக்கருத்துப் பெயர் ஒற்றுமையை மட்டுமே பற்றிக்கொண்டு நின்றது. 1998இல் கேலப் ஜோன்சன் என்ற ஆய்வாளர் அதனை மறுத்து, ஹாம்ப்ஷயரின் ஹேர்ஸ்லிக் கிராமத்தில் ஹொப்கின்ஸின் குடும்பத்தைக் கண்டறிந்தார்.

அவர் கையாண்ட முறையே நமது கவனத்திற்குரியது. ஸ்டீபன் ஹொப்கின்ஸ் என்ற பெயர் பல ஊர்களில் இருக்கக்கூடும். ஆனால் கொன்ஸ்டன்ஸ் என்ற மகளும் ஜைல்ஸ் என்ற மகனும் அவருடன் கப்பலிற் சென்றமை பிராட்போர்ட்டின் பட்டியலாற் புலனாகின்றது. ஸ்டீபன் என்ற தந்தைக்கு இவ்விரு பெயர்களிலும் பிள்ளைகள் உள்ள வீடு எது என்பதே உரிய வினா. ஹேர்ஸ்லிப் பதிவேட்டில் கொன்ஸ்டன்ஸ் 1606இலும் ஜைல்ஸ் 1608இன் தொடக்கத்திலும் ஞானஸ்நானம் பெற்றுள்ளனர். அவர்களின் தாயான மேரி 1613இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டாள். மாளிகையைத் தேடியோர் வழிதவறினர். தாயையும் பிள்ளைகளையும் தேடியவர் ஊரைக் கண்டார்.

இந்த ஹொப்கின்ஸ், 1609இல் பேர்மூடாத் தீவருகே சிதைந்த கப்பலிற் சென்றவராகவும் பெரிதும் ஏற்றுக்கொள்ளப்படுகிறார். கப்பல் சிதைந்ததும் வேலை ஒப்பந்தமும் ஆளுநரின் அதிகாரமும் முடிந்தன என்று அங்கே வாதிட்டமைக்காக ஹொப்கின்ஸ் என்பவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் மன்னிப்பு அளிக்கப்பட்டது. வில்லியம் ஸ்ட்ராச்சி எழுதிய பதிவு இதனைக் கூறுகின்றது. சேக்ஸ்பியரின் 'புயல்' நாடகத்திற்கு அக்கப்பற்சிதைவு பற்றிய செய்திகள் பின்புலமாயமைந்தன என்பது இலக்கிய மாணவர் அறிந்ததே. குலச்சின்னம் எதுவுமில்லாத இச்சாதாரண மனிதரின் வாழ்வு, எந்தப் பிரபு வம்சாவளியைக் காட்டிலும் அக்காலத்தின் சமூக அசைவை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

6

மீண்டும் ஸ்டாண்டிஷிடம் வருவோம். அவருடன் மேபிளவரில் வந்த மனைவி ரோஸ் முதலாவது குளிர்காலத்திலே இறந்தாள். 1623இல் வந்த பார்பரா அவரது இரண்டாவது மனைவியானாள். அவருடைய பிள்ளைகளாக அறியப்படுவோர் யாவரும் பார்பராவின் பிள்ளைகளே. ஆகவே இன்று ஸ்டாண்டிஷின் வழித்தோன்றல் எனக் கூறுவோர் அனைவரும் பார்பராவின் வழித்தோன்றல்களுமாவர். எனினும் அவள் விவாகத்திற்கு முன் கொண்டிருந்த குடும்பப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. 1846இல் திரட்டப்பட்ட நிதி அவளைத் தேடுவதற்காகத் திரட்டப்பட்டதன்று. மகள் லோராவின் கையாற் செய்யப்பட்ட பூத்தையல் துணியொன்று பிளிமத் அருங்காட்சியகத்தில் இன்றுமுள்ளது. அவ்வீட்டுப் பெண்களின் உழைப்பிற்கு எஞ்சியிருக்கும் சான்று அதுவே எனலாம். காணி ஆண்வழியிற் சென்றது. ஆகவே ஆவணமும் ஆண்வழியிற் சென்றது. ஆய்வும் அவ்வழியே நடந்தது.

காணியைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். 1649இல் ஸ்டாண்டிஷும் வேறிருவரும் டக்ஸ்பெரி மக்களின் சார்பில், வம்பனோக் மக்களின் தலைவரான மசசொயிட்டிடமிருந்து பின்னர் பிரிட்ஜ்வோட்டர் எனப் பெயர்பெற்ற பெருநிலப்பரப்பை வாங்கினர். அதற்குக் கொடுக்கப்பட்ட விலை 7 மேலங்கிகள், 9 கைக்கோடரிகள், 8 மண்வெட்டிகள், 20 கத்திகள், 4 மூஸ் மான் தோல்கள், பத்தரை யார் பருத்தித் துணி ஆகியனவாகும். அதற்கு முன்னரே, 1623இல் வெசகுசெற் என்ற இடத்திலே அப்பகுதி மக்களின் முக்கியத்தர் சிலரை ஸ்டாண்டிஷ் கொன்றார். அவர்களுள் ஒருவரின் தலை பிளிமத் கோட்டையில் நாட்டப்பட்டது. லெய்டனிலிருந்த குருவான ஜோன் ரொபின்சனே அதனைக் கண்டித்து எழுதினார்.

ஏழு ஆண்டுகளின் பின்னர் இதே மனிதர், லங்காஷயரில் தமது முதுசம் களவாகத் தடுத்துவைக்கப்பட்டதென எழுதினார். அவ்வேதனை பொய்யானதென நாம் கூறவில்லை. மூத்தவனுக்கே சொத்து என்ற வழமை இளைய கிளைகளைக் காணியற்றோராக்கி, போர்க்களத்திற்கும் கடலுக்கும் துரத்தியது. 358 பவுண் 7 சிலிங் பெறுமதியான உடைமைகளுடன் இறந்தார் அவர். அவ்வுடைமைகளுள் ஹோமரின் இலியட்டும் சீசரின் போர்க்குறிப்புகளும் கல்வினின் நூலும் இருந்தன. ஆனால் ஒரு சமூக அமைப்பினால் காணி இழந்தவர் மற்றொரு மக்களின் காணியைக் கைக்கொள்ளும்போது, முன்னைய இழப்பை மட்டுமே ஆவணம் அநீதியென எழுதுகின்றது. குடியேற்றவாதத்தின் கருத்துநிலை அவரது மரணசாசனத்தின் மௌனத்திலேயே தெளிவாக வெளிப்படுகின்றது.

எனவே, மைல்ஸ் ஸ்டாண்டிஷின் பெற்றோர் யாவர் என வினவுவோர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே: ஒர்ம்ஸ்கேர்க்கைச் சேர்ந்த ஸ்டாண்டிஷ் கிளையுடன் அவருக்குத் தொடர்பிருந்தது என்பதை அவர் குறிப்பிட்ட காணிகள் வலுவாகச் சுட்டுகின்றன, பிறந்த இடமும் பெற்றோரும் நிறுவப்படவில்லை. புதிய உறுதியொன்றோ பதிவேடொன்றோ நாளை கிடைக்கலாம். அதுவரை சோர்லிப் பதிவேட்டின் தேய்ந்த பக்கத்தில் எவருடைய பெயரையும் எழுதிவிடாதிருப்பதே ஆய்வாளரின் கடமையாகும். பார்பராவையும் ஹேர்ஸ்லி மேரியையும் போன்றோரைத் தேடும் பணியோ இன்னும் பெரும்பாலும் தொடங்கப்படாமலே கிடக்கின்றது.